தடம் இழுத்தால் நீயும் இழுபடுவாயா?

ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. பதினெட்டு அங்குல வீல், அகலமான டயர், மிதித்தால் முதுகைச் சீட்டோடு அழுத்துகிற வேகம். ஆனால் நெடுஞ்சாலையில் ஏறியதும் உன் முகத்தில் கலவரம்! லாரிகள் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த தடத்தில் சக்கரம் பட்டதும் வண்டி தானாக இடப்பக்கம் வெட்டுகிறது. தார் போடுவதற்காகச் சுரண்டிவிட்ட சாலை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், குடிகாரன் நடைதான். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கிறாய். தோள் வலிக்கிறது. வீடு வந்து சேர்ந்ததும், "எனக்கு இந்த மாதிரி வண்டியெல்லாம் ஒத்துவராது போல" என்று முணுமுணுக்கிறாய்.

நிறுத்து தம்பி, அந்தப் பேச்சை!

வண்டி அலைவதற்கும் உன் தைரியத்துக்கும் என்ன சம்பந்தம்? உன் ராசிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அலைச்சலுக்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தை மில்லிமீட்டரிலும் டிகிரியிலும் அளக்கலாம். அளக்க முடிந்ததைத் திருத்தவும் முடியும். "பெர்ஃபார்மன்ஸ் கார்னா அப்படித்தான் சார், பழகிக்கோங்க" என்று சொல்ல ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். பாதி உண்மையைச் சொல்லி முழுத் தைரியத்தையும் பறித்துக்கொண்டு போகிற கூட்டம் அது.

அந்தப் பாதி உண்மையை முதலில் புரிந்துகொள். ஆல்ட்டோ 800-இன் டயர் 145/80. அதாவது அகலம் 145 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் 116. உன்னுடையது 225/40 என்றால் அகலம் 225, பக்கச்சுவரோ வெறும் 90. ஒல்லி டயர் பள்ளத்தின் சரிவில் ஏறும்போது அதன் பக்கச்சுவர் நெளிந்து அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். அகல டயரின் ஓர் ஓரம் மேட்டிலும் மறு ஓரம் பள்ளத்திலும் நிற்கும். விறைத்த பக்கச்சுவர் நெளியாது. அந்த இழுப்பு, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராட் வழியாக நேராக உன் உள்ளங்கைக்கு வந்து சேரும். வளைவில் சாலையைக் கவ்விப் பிடிப்பதும் இதே அகலம்தான், நேர்ச்சாலையில் தடத்தின் பின்னால் ஓடுவதும் இதே அகலம்தான். நீ பலவீனம் என்று வெட்கப்பட்டது உன் வண்டியின் பலம் கேட்கிற விலை!

மீதிப் பாதியை அவர்கள் சொல்லமாட்டார்கள். அந்தச் சிறு இழுப்பை ஊதிப் பெரிதாக்குவது, சஸ்பென்ஷனில் தேய்ந்த ரப்பர் புஷ் போல, யாரும் கவனிக்காமல் விட்ட குறைகள்.

குறையை எப்படித் திருத்துவது என்பதற்கு ஜெர்மனியின் போர்ஷே 911-ஐ எடுத்துக்கொள். 1963-இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் உலகம் பார்த்த வண்டி. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால். மூக்கில் எடை குறைவு. வேகம் கூடினால், பக்கக்காற்று அடித்தால், முன்பக்கம் அலைந்தது. தொழிற்சாலைக்காரர்கள் முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? முன் பம்பரின் இரண்டு மூலைகளிலும் தலா 11 கிலோ வார்ப்பிரும்புக் கட்டியை ஒளித்து வைத்தார்கள்! எவ்வளவு பெரிய பெயர், எப்பேர்ப்பட்ட ஒட்டுவேலை! ஆனால் அவர்கள் அங்கே நின்றுவிடவில்லை. 1969 மாடலில் எஞ்சினை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பின் சக்கரங்களை மட்டும் 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். அச்சுகளுக்கு இடையிலான தூரம் 2,211-இலிருந்து 2,268 ஆனது. மூன்று விரல் அகலம், அவ்வளவுதான். எஞ்சின் பின்னால்தான் இருக்கும் என்ற பிடிவாதத்தை அவர்கள் கைவிடவில்லை, குறையை மட்டும் விரட்டினார்கள். அறுபது ஆண்டு தாண்டியும் 911-இன் எஞ்சின் பின்னால்தான் இருக்கிறது.

வாழ்க்கையிலும் இதே கதைதான். நீ எந்த இரும்புக் கட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறாய்? நேர்காணலில் தோற்றுவிட்டு, "நமக்கு ராசியில்லை" என்கிறாயே, எந்தக் கேள்வியில் தடுமாறினாய் என்று எழுதி வைத்தாயா? பக்கத்து வீட்டுப் பையன் போன பாதை, மாமா மகள் சேர்ந்த வேலை என்று கண்ட தடத்திலெல்லாம் விழுந்து விழுந்து எழுகிறாயே, உன் புஷ் எங்கே தேய்ந்திருக்கிறது என்று ஒரு நாளாவது குனிந்து பார்த்தாயா? அழுவதற்கு ஆகும் நேரத்தில் பாதி போதும், பார்ப்பதற்கு.

முதலில் வண்டியைக் குனிந்து பார்! ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். முன்னுக்கு எவ்வளவு காற்று, பின்னுக்கு எவ்வளவு என்று அதில் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் குத்துமதிப்பாக அடித்துவிட்டு வருகிறவனுக்கு வண்டியைக் குறைசொல்ல உரிமையில்லை. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் தேடு. 2319 என்றிருந்தால் 2019-இன் இருபத்து மூன்றாம் வாரத்தில் பிறந்த டயர். பட்டன் தேய்ந்து ரப்பர் இறுகிய டயர் தடத்தை இன்னும் வெறியோடு தேடும்.

அடுத்து ஜாக்கி. முன்சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, ஒன்பது மணி, மூன்று மணி நிலையில் பிடித்து ஆட்டு. தட்டுகிறதா? டை ராட் எண்டைச் சந்தேகி. மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயின்ட்டையோ பேரிங்கையோ பார்க்கவேண்டும். இந்த ஆட்டம் (பிளே) இருந்தால் அன்றே வண்டியை ஓரங்கட்டு. இந்த இடத்தில் மட்டும் வீரம் காட்டாதே, இது உயிர்.

தேய்ந்ததை மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட். புஷ்ஷை விட்டுவிட்டு அலைன்மென்ட் செய்வது காசைக் கரைக்கிற வேலை. நான்கு சக்கரத்துக்கும் செய்யச் சொல், பின்சக்கரத்தில் தொடங்கச் சொல். பின்னால் கோணல் இருந்தால் முன்னால் எவ்வளவு திருத்தியும் பயனில்லை. முன்சக்கரங்கள் துளி வெளிநோக்கி நின்றால் வளைவில் துள்ளும், நேரில் நிம்மதி தராது. துளி உள்நோக்கி நின்றால் அமைதியாக ஓடும். கேஸ்டர், அதாவது ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு, கூடினால் ஸ்டியரிங் தானே நடுவுக்குத் திரும்பும். அலைன்மென்ட் திரையைக் காட்டி, "பச்சை வந்துடுச்சு சார்" என்பார்கள். பச்சைக்குள்ளும் இடது ஒரு எண், வலது ஒரு எண் இருக்கும். திருத்துவதற்கு முன் எடுத்தது, திருத்திய பின் எடுத்தது, இரண்டு தாளையும் கேட்டு வாங்கு! உன் பணம், உன் வண்டி, கேட்பதற்கு என்ன கூச்சம்? அழகுக்கு ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளியிருந்தால் கழற்றி எறி. சாலை உன் ஸ்டியரிங்கை இழுக்க நீயே நீளமான நெம்புகோல் கொடுத்திருக்கிறாய். ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்திய வண்டிக்கு அலைன்மென்ட் எண்கள் எல்லாமே மாறியிருக்கும் என்பதையும் மறக்காதே.

எல்லாம் முடிந்த பிறகு உன் கை. இறுக்கிப் பிடிப்பவன் ஒவ்வொரு சிறு அசைவுக்கும் பெரிய பதில் கொடுக்கிறான். வண்டி இடம் போனால் வலம் இழுக்கிறான், அது வலம் போனால் இடம் இழுக்கிறான். பாதி அலைச்சல் அவன் உற்பத்தி! தோளைத் தளர்த்து. இரு பக்கமும் இதமாகப் பிடி. பத்தடி முன்னால் இருக்கும் பள்ளத்தை விட்டுவிட்டுத் தூரத்தைப் பார்.

கொஞ்சம் இழுப்பு அப்போதும் மிஞ்சும். அகல டயர் வேண்டும் என்று கேட்டவன் நீதான், அதன் பங்கை அது எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அது உன் இடுப்பைப் பிடித்து இழுக்காது, உள்ளங்கையில் சின்னதாகத் தட்டிவிட்டுப் போகும்.

நாளைக் காலை, வண்டியை நகர்த்துவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போதே காற்றை அளந்துவிடு.