நடுவரின் நாவும் புட்டியின் பெயரும்



கானாவூர்க் கலியாணத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருப்பீர்கள். சேசுநாதரும் தேவமாதாவும் ஆறு கற்சாடிகளும் உங்கள் நினைவில் இருக்கும். ஆனால் அந்தப் பந்தி விசாரிப்புக்காரனை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. அர்ச். அருளப்பரோ அவனைப்பற்றி ஒரு சிறு விவரத்தை விடாமல் எழுதிவைத்தார். இரசம் வந்த வகை தண்ணீர் மொண்ட வேலைக்காரருக்குத் தெரியும், ருசிபார்த்த அவனுக்குத் தெரியாது. தெரியாததனால்தான் அவன் வார்த்தைக்கு மதிப்பு. தெரிந்திருந்து புகழ்ந்தானென்றால், செய்தவரின் முகத்துக்காகப் புகழ்ந்தான் என்று ஊர் சொல்லியிராதா?

இன்றைய திராட்சை இரசப் போட்டிகளிலும் அதே ஏற்பாடுதான். தோட்டக்காரர்கள் நுழைவுக் கட்டணம் கட்டிப் புட்டிகளை அனுப்புகிறார்கள். அந்தப் புட்டி நடுவரின் கண்ணில் படுவதில்லை. உள்ளே வேறிடத்தில் ஊற்றி, எண் மட்டும் இட்ட கிளாஸ்களை அவர் முன் வைக்கிறார்கள். அவர் நிறம் பார்க்கிறார், முகர்கிறார், ஒரு வாய் எடுத்துச் சுழற்றுகிறார், பிறகு பக்கத்துப் பாத்திரத்தில் துப்பிவிடுகிறார். ஆம், துப்பித்தான் விடுகிறார். ஒரே அமர்வில் முப்பது வகை பார்க்கவேண்டியவர் ஒவ்வொன்றையும் விழுங்கினால், பாதி வழியிலேயே தீர்ப்புத் தள்ளாடும். (குடியினால் அடுப்பு அணைந்த வீடுகளை நம் கரையில் ஊர்தோறும் அறிவோம். குடியைப் புகழ நான் இதை எழுதவில்லை. பேச வந்தது தீர்ப்பைப்பற்றி.)

ஒருவனுடைய உழைப்பை மற்றொருவன் தீர்ப்பிடும்போது, உழைத்தவனுக்குச் செலுத்தவேண்டிய நீதி எது? பெயரை மறைத்துவிட்டால் போதுமா?

1976ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய இரச வியாபாரி பாரிஸ் நகரில் ஒரு ருசிப்போட்டி நடத்தினார. ஒரு பக்கம் பிரான்சு தேசத்தின் பேர்போன இரசங்கள். மறுபக்கம் அமெரிக்காவின் கலிபோர்னியா இரசங்கள், அந்நாளில் ஐரோப்பாவில் மதிப்பார் அதிகமில்லாதவை. நடுவர்கள் ஒன்பது பேர். எல்லோரும் பிரெஞ்சுக்காரர்கள், அந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். இருபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டார்கள். கூட்டிப் பார்த்தால், வெள்ளை இரசத்தில் ஷாத்தோ மான்டலீனாவும், சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப்பும் முதலாவது! இரண்டும் கலிபோர்னியா, இரண்டும் 1973ஆம் ஆண்டு அறுவடை. ருசி பார்க்கும்போதே ஒரு நடுவர் அமெரிக்க இரசத்தை வாயில் வைத்து, பிரான்சுக்கே திரும்பி வந்துவிட்டதாகப் பூரித்தாராம். அங்கே இருந்த ஒரே பத்திரிகை நிருபர் எழுதிய செய்தி இது. முடிவு தெரிந்ததும், நடுவர்களில் ஒருவரான பத்திரிகை ஆசிரியை தம் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார் என்பதும் பிரசித்தம்.

அந்த அம்மையாரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. சற்று நில்லுங்கள். அவர் திருப்பிக் கேட்டது எதை? உண்மையென்று எண்ணித் தம் கையாலேயே எழுதியதை அல்லவா? இரசம் மாறவில்லை, நாவு மாறவில்லை. பெயர் மட்டும் தெரியவந்தது. அப்படியானால் அதுவரை அவர்களுக்குள் இருந்து தீர்ப்புச் சொல்லிவந்தது நாவா, பெயரா? இந்தக் கேள்விக்கு நம்மில் யார் தப்புவோம்? நம் கரையில் நண்டும் இறாலும் வந்து இறங்கும்போது, கூடைக்குள் பார்க்குமுன் யார் வள்ளம் என்று பார்க்கிற கண்கள் எத்தனை!

அதற்காகப் பெயர் என்பதே பொல்லாதது என்று சொல்லமாட்டேன். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். 1832இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த கொடி என்பது வழிவழி வரும் செய்தி. அந்தப் பெயருக்கு 2023இல் அரசாங்கத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. மண்ணும் தலைமுறைகளின் பாடும் சேர்ந்து சம்பாதித்த பெயர் அது. பெயரில்லாத புதிய தோட்டக்காரன் கதி என்ன என்பதுதான் என் கவலை. எண் போட்ட கிளாஸ் அவனுக்கு வாசலைத் திறக்கிறது. பாரிஸில் திறந்தது.

வாசல் திறந்தபின் உள்ளே இருக்கிற நடுவர் எப்படிப்பட்டவர்? இங்கேதான் விஷயம் கனக்கிறது.

ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் கலிபோர்னியாவில் கடலியல் பேராசிரியராயிருந்து ஓய்வுபெற்றவர். (கடலைப் படித்தவராகையால் நமக்கு ஒருவகையில் உறவு.) சிறிய அளவில் இரசமும் செய்துவந்தார். தம் இரசம் ஒரு போட்டியில் தங்கப் பதக்கம் வாங்குவதும், அதே இரசம் மற்றொன்றில் வெறுங்கையோடு திரும்புவதும் அவருக்குப் புதிராயிருந்தது. கலிபோர்னியா மாநிலப் பொருட்காட்சியின் போட்டிக்காரர்கள் இசைய, ஒரு சோதனை நடத்தினார். முப்பது கிளாஸ்கள் கொண்ட வரிசையில், ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய இரசம் மூன்று இடத்தில் வரும். நடுவருக்கு அது தெரியாது. 2005 முதல் 2008 வரை ஆண்டுதோறும் இப்படிச் செய்து, 2008இல் முடிவை வெளியிட்டார். மூன்று தடவையும் ஒரே பதக்கத் தரத்துக்குள் மதிப்பெண் இட்டவர்கள், நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர்! இன்னுமொரு பத்துப் பேர், ஒரே புட்டி இரசத்துக்குச் சிலசமயம் வெண்கலத்திலிருந்து தங்கம் வரை கொடுத்தார்கள்.

இவர்கள் லஞ்சம் வாங்கினவர்கள் அல்லர். பெயரையும் பார்க்கவில்லை. நல்ல மனதோடு உட்கார்ந்த, பழகின நாவுள்ள மனிதர்கள். ஆனாலும் முந்தின கிளாஸின் ருசி பிந்தினதைக் கெடுக்கிறது, நாவு களைக்கிறது, மனிதன் ஒரு மணி நேரத்துக்குள் தானே வேறு ஆளாகிவிடுகிறான். பாரபட்சத்தைப் பாவமென்று அறிந்து சங்கீர்த்தனத்தில் சொல்லக் கற்றிருக்கிறோம். பலவீனத்துக்கு என்ன செய்வது? அது பாவமல்ல, எனினும் தோற்றவனுக்கு நஷ்டம் நஷ்டந்தானே.

அந்த ஆராய்ச்சியில் வேறொன்றும் தெரியவந்தது. பிடித்ததைச் சொல்வதைவிடப் பிடிக்காததைச் சொல்வதில் நடுவர்கள் நிலையாயிருந்தார்கள். இதை மணமேல்குடியில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. செவுள் வெளுத்து, கண் குழிந்துபோன மீனை ஊரே ஒரே முகமாய்த் தள்ளிவிடும். கெடாத இரண்டு விலைமீன்களில் எது உயர்ந்தது என்று கேளுங்கள், பொழுது சாயும்வரை வாதாடுவார்கள். பூசைக்குரிய இரசத்தைப்பற்றித் திருச்சபை இட்ட சட்டமும் இந்த அளவோடுதான் நிற்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டநூலின்படி, அது திராட்சைக் கனியிலிருந்து வந்த இயற்கையான இரசமாயிருக்கவேண்டும், கெட்டுப்போயிருக்கலாகாது. முதல்தரமா, இரண்டாந்தரமா என்ற பேச்சே அங்கில்லை. மனிதன் தவறாமல் பதில் சொல்லக்கூடியதை மட்டும் அவனிடம் கேட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் பதக்கமே கொடுக்கக்கூடாதா? கொடுக்கலாம் என்பதே என் எண்ணம். இன்ன நாளில், இன்ன நடுவர்களுக்கு, இது நன்றாயிருந்தது என்று பொருள்கொண்டால் அதில் பொய்யில்லை. தொல்லை கடைவீதியில் தொடங்குகிறது. ஹாட்ஜ்சன் 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த பதின்மூன்று போட்டிகளின் கணக்கையும் எடுத்துப் பார்த்தார். மூன்றுக்கு மேற்பட்ட போட்டிகளுக்குப் போன இரசங்கள் 2,440. அவற்றில் நூற்றுக்கு 47 எங்காவது ஒரு தங்கம் வாங்கின. அந்தத் தங்கம் வாங்கியவற்றிலேயே நூற்றுக்கு 84 வேறொரு போட்டியில் ஒன்றுமில்லாமல் திரும்பின!

இப்போது ஒரு வியாபாரி தன் இரசத்தை ஐந்து போட்டிக்கு அனுப்புகிறான். ஒன்றில் தங்கம், நான்கில் ஒன்றுமில்லை. தங்கத்தை லேபிளில் ஒட்டுகிறான்; நான்கைப்பற்றி வாய் திறப்பதில்லை. அவன் பொய்யனா? வாயால் பொய் சொல்லவில்லை. தன் தோல்வியைத் தெருவில் பறையடிக்க யாரும் கடமைப்பட்டவனுமல்ல. ஒவ்வொருவருக்கும் தன் நற்பெயரைக் காக்க உரிமையுண்டு. ஒரேயொரு சிறு தோட்டம் வைத்திருப்பவன், நம்பிக்கையோடு நாலு இடத்துக்கு அனுப்பினான் என்றால் அவன்மேல் குற்றம் காண எனக்கு மனமில்லை. ஆனால் எங்கேயாவது ஒன்று விழும் என்று சீட்டுக் குலுக்குகிறவனைப்போலக் கணக்குப் போட்டு அனுப்பி, விழுந்ததைக் காட்டி விலையை ஏற்றுகிறானே, அவன் வாங்குகிறவனின் அறியாமையை விற்கிறான். வாய் சொல்லாததை விலைச்சீட்டு சொல்லுகிறது. வித்தியாசம் அவனவன் மனச்சாட்சிக்குள் இருக்கிறபடியால், வெளியிலிருந்து பிரித்தறிவது கடினம் என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன்.

அந்தப் பொருட்காட்சிக்காரர்களை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. தங்கள் போட்டியின் குறையைத் தாங்களே தேட இடம்கொடுத்து, கண்டதை அச்சிலேற்றவும் விட்டார்கள். பரீட்சை வைக்கிறவன் தானும் பரீட்சைக்கு உட்கார்ந்தது அபூர்வம்.

திருவிழாவையொட்டிப் பங்குகளில் சிறுவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைக்கிறோமே, அங்கே இதைச் செய்துபார்க்கலாம். தாளில் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும். எழுத்தைக் கண்டதும் பிள்ளையை அடையாளம் சொல்லிவிடும் ஆசிரியர் வேண்டாம், அடுத்த பங்கிலிருந்து ஒருவர் வரட்டும். ஏதேனும் ஒரு கட்டுரையை வேறு கையெழுத்தில் படியெடுத்து, கட்டின் நடுவில் இரண்டாவது தடவையும் செருகிவையுங்கள். எந்தக் கட்டுரை என்று சொல்லவேண்டாம். செருகியிருக்கிறோம் என்பதை மட்டும் நடுவரிடம் முன்னதாகவே சொல்லி, சம்மதமா என்று கேளுங்கள்.