பசு என்னுஞ் சொல்லும் இரு தாதுக்களும்

வடமொழிப் பெயர்க்கெல்லாம் வினைத்தாதுவே முதலென்றார் சாகடாயனர். சில பெயர்க்கு அஃது இயையாதென மறுத்தார் கார்க்கியர். இவ்வழக்கினை யாஸ்கர் தம் நிருத்தத்திற் கூறுவர். ஒரு சொல்லின் பொருளை அதன் தாது அறுதியிட்டுவிடுமோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பதி, பசு, பாசம் என்னும் மூன்றனுள், பசு என்பதனைக் கட்டுதற்பொருட்டாய தாதுவினின்று பிறப்பித்துக் 'கட்டுண்டது' எனப் பொருளுரைத்தல் நம்மவர் மரபு. யாமும் இளமையில் ஓர் அவையில் அவ்வாறே வாதிட்டு வென்றேம். ஆயின், உணாதி சூத்திரம் அச்சொல்லைக் காண்டற்பொருட்டாய தாதுவினின்று கொள்ளும். சதபதப் பிராமணமும் காண்டலோடே இயைக்கும். இவற்றை யாம் அன்று அறிந்தும் மறைத்தேம். அவ்வெற்றி இன்றும் எம் நெஞ்சை உறுத்துகின்றது.

மறைத்தற்கு அதன்கண் யாதுளது? கட்டுண்டது மாத்திரையேயாயின் உயிர் சடமாய்விடும். தானே காண்பதாயின் காட்டுவான் வேண்டப்படான். ஆணவத்தாற் கட்டுண்டும் காணுந்தன்மை கெடாது, காட்டக் காண்பதன்றோ நம் சித்தாந்தங் கூறும் உயிர்? இரு தாதுவும் அதற்கு இடந்தருவனவே.

அற்றேல், தாதுவே சித்தாந்தத்தை நிறுவுமோ எனின், நிறுவாது. பசு என்பது பண்டை வழக்கில் விலங்கினையே குறித்தது. பொருளை அளவையால் துணிக. தாதுவைத் துணையாகக் கொள்க. மாறாயதனையும் மறையாது உரைக்க. உண்மையை ஒளித்துச் சைவத்திற்குச் செய்யுந் தொண்டு தொண்டாகாதென்க.