ஓடுபாதையில் பாய் விரிக்கும் ஊர்

துவாலு என்று பெயரைச் சொன்னதுமே, "கடலில் மூழ்கப்போகிற நாடுதானே அது?" என்று கேட்கிறார்கள். பசிபிக் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்கும் ஹவாய்க்கும் நடுவே ஒன்பது தீவுகள். எல்லாம் சேர்த்து 26 சதுர கிலோமீட்டர் நிலம், சுமார் 11 ஆயிரம் மக்கள். மூழ்குவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றே இப்போது சிலர் அங்கே கிளம்புகிறார்கள். அப்படி ஓர் எண்ணத்தோடு ஓர் ஊருக்குப் போகலாமா? துவாலுவின் தலைநகரான ஃபுனாஃபுட்டிக்குப் போய்வந்த பிறகு இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பிஜியிலிருந்து ஏறினால் இரண்டரை மணி நேரம்போல வெறும் கடல். திடீரென்று நீலத்துக்குள் ஒரு பச்சை வளையம் தெரிகிறது. அதில் ஒரு துண்டுதான் தலைநகரம் இருக்கும் ஃபோங்காஃபாலே. அகலமான இடத்திலேயே சுமார் 400 மீட்டர்தான். பல இடங்களில் ஒரு சாலை போட்டால் இரண்டு பக்கமும் கடல். இருப்பதிலேயே அகலமான அந்தப் பகுதியை ஓடுபாதை எடுத்துக்கொண்டுவிட்டது. விமானம் நெருங்கும்போது சைரன் ஊதுகிறது. ஓடுபாதையில் நிற்கிற ஆட்கள், நாய்கள், பைக்குகள் எல்லாம் விலகுகின்றன. வாரத்தில் சில நாள்தான் விமானம். மற்ற நேரமெல்லாம் அது ஊர்ப் பொதுவிடம்.

வெயில் தாழ்ந்ததும் ஒரு பக்கம் கால்பந்து, இன்னொரு பக்கம் வாலிபால். நாட்டு மக்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு தீவில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். காற்று தடையில்லாமல் வருகிற வெட்டவெளி இது ஒன்றுதான். புழுக்கமான இரவுகளில் பாயும் தலையணையுமாகக் குடும்பங்கள் வந்து படுக்கின்றன. ஒரு பாட்டி பாய் பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் செருப்புகளை வைத்துவிட்டு, நடுவில் பேரனைப் படுக்கவைத்து ஓலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். தார் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

அந்த ஓடுபாதை இரண்டாம் உலக யுத்தத்துக்காகப் போட்டது. 1942 அக்டோபரில் அமெரிக்கப் படை வந்து இறங்கியது. ஜப்பானியர் கையிலிருந்த தீவுகளைத் தாக்க விமானத்தளம் வேண்டுமென்று தென்னைகளைச் சாய்த்தார்கள். புலாக்கா என்னும் கிழங்கு விளைந்த குழிகளை மூடினார்கள். ஓடுபாதைக்கு வேண்டிய பவள மண்ணைத் தீவின் வேறு இடங்களில் தோண்டி எடுத்தார்கள். 1943 ஏப்ரல் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீச வந்தபோது, ஊர் மக்கள் நூற்றுக்கணக்கில் தேவாலயத்துக்குள் ஒண்டியிருந்தார்கள். ஓர் அமெரிக்கப் படைவீரர் அவர்களை வற்புறுத்திப் பதுங்குகுழிகளுக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் தேவாலயத்தின் மேல் குண்டு விழுந்தது. போர் முடிந்து படை போய்விட்டது. தோண்டிய பள்ளங்கள் போகவில்லை. உப்புத் தண்ணீரும் குப்பையும் தேங்கி, அவற்றின் ஓரத்திலேயே மக்கள் வீடு கட்டி, ஒரு தலைமுறைக்கு மேல் வாழ்ந்தார்கள். நியூசிலாந்தின் உதவியோடு 2015இல்தான் அவை நிரப்பப்பட்டன. யாரோ நடத்திய சண்டைக்கு நிலத்தைக் கொடுத்தவர்கள், இன்று யாரோ எரித்த எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் விலை கொடுக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மூழ்குகிறது என்ற சொல்லே அங்கே நடப்பதைச் சரியாகச் சொல்வதில்லை. ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1971 முதல் 2014 வரை துவாலுவின் மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருக்கிறது. அலைகள் பவளத் துகளைக் கொண்டுவந்து கரையில் சேர்க்கின்றன. அதற்காக ஆபத்து இல்லையென்று ஆகிவிடாது. பெரிய ஓதம் ஏறும் நாட்களில் கடல் கரையைத் தாண்டித்தான் வரவேண்டும் என்பதில்லை. பவளத் தரை முழுக்கத் துளை. வீட்டு வாசலில், ஓடுபாதையின் ஓரத்தில், மண்ணுக்குள்ளிருந்தே தண்ணீர் ஊறிக் குமிழியிட்டு மேலே வருகிறது. புலாக்கா குழிக்குள் உப்பு ஏறினால் கிழங்கு அழுகிவிடும். நிலத்தடி நீரைக் குடிக்க முடியாது; கூரையில் விழும் மழைதான் குடிநீர். 2011இல் மழை பொய்த்தபோது நாடு அவசரநிலை அறிவித்தது. அதனால் அங்கே இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு கடல்மட்டத்துக்குப் போவதில்லை. தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதற்குத்தான் போகிறது.

ஆஸ்திரேலியாவோடு செய்துகொண்ட ஃபலேபிலி ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர் அங்கே குடியேறலாம்; விரும்பும்போது ஊர் திரும்பலாம். 2025இல் முதல் குலுக்கலுக்கு, குடும்பத்தினரையும் சேர்த்து, 8 ஆயிரம் பேருக்கு மேல் பதிந்தார்கள். ஊரையே காலி செய்கிறார்கள் என்று வெளியே எழுதினார்கள். நான் பேசிய ஒரு நடுவயதுக்காரர், தானும் பதிவு செய்திருப்பதாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே கூரைத் தகரத்தின் நீர்த்தாரையில் அடைந்திருந்த சருகை வழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். போவதற்கு வழி தேடுவதும் இருக்கிற வீட்டைச் செப்பனிடுவதும் அவருக்கு ஒன்றுக்கொன்று முரண் இல்லை. ஃபோங்காஃபாலேயின் உட்கடல் கரையில் மண்ணைக் கொட்டி 7 ஹெக்டேருக்கு மேல் புதிய நிலமே உருவாக்கியிருக்கிறார்கள். நாளை என்ன ஆகும் என்று தெரிந்த பிறகும் இன்றைக்குச் செய்ய வேண்டியதை ஒருவர் ஒழுங்காகச் செய்கிறார் என்றால், அவருக்கு நம் இரக்கம் எதற்கு? அவர் வாசலில் போய்க் கண்கலங்கி நிற்பது, உயிரோடு இருப்பவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போவது போன்றது.

அப்படியானால் போகவே கூடாதா? போகலாம். ஆனால் அந்தச் சிறிய விமானத்தில்தான் பிஜி மருத்துவமனைக்கு அனுப்பப்படும் நோயாளிகளும் படிக்கப் போகும் பிள்ளைகளும் ஏறுகிறார்கள். மற்ற எட்டுத் தீவுகளுக்கு ஓடுபாதையே இல்லை, கப்பல்தான். நாம் எடுக்கிற இருக்கை யாருடையது என்று யோசித்துவிட்டு, சாவகாசமாகத் தங்கும்படி போங்கள். கடைசிப் படம் எடுக்கப் போகிறவர்கள் போக வேண்டாம். போனால், இந்தத் தீவு எப்போது மூழ்கும் என்று அங்கே யாரிடமும் கேட்காதீர்கள். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள், உட்காரவைத்துப் பேசுவார்கள்.