நாய்க்கு அளித்த மூச்சு

சென்ற மாரியில், கேணியில் வீழ்ந்து மூச்சடங்கிய நாயொன்றை எம் மாணவனொருவன் கரையேற்றினான். வாயிலிருந்த சேற்றை வழித்து, நாவை முன்னிழுத்து, வாயை இறுக மூடி, அதன் மூக்கினூடே தன் மூச்சை ஊதினான். நெஞ்சத்துடிப்புக் காணாமையால் மார்பையும் அழுத்தினான். சிறிது போழ்தில் அஃது இருமிக் கண்விழித்தது. உடனே மருத்துவரிடம் கொண்டு சென்றான். கண்டோர் சிலர், “நாயின் மூக்கில் வாய் வைத்தல் ஆசாரமாகுமோ?” என எம்மை வினாவினர்.

ஆசாரம் பேணத்தக்கதே, யாம் அதனை இகழ்ந்திலேம். ஆயினும், அழுக்கு நீரால் நீங்கும். நீங்கிய உயிர் எதனால் மீளும்? அன்றியும், இங்கே ஒரு கடனும் உண்டு. 1664-ஆம் ஆண்டில் இலண்டனில் இராபட் ஹூக் என்பார் ஒரு நாயின் மார்பைத் திறந்து, துருத்தியாற் காற்றூட்டி, அதனை ஒரு மணிநேரத்தின் மேலும் உயிரோடிருத்தினார். அது பட்ட நோவைக் கண்டு, அத்தகைய சோதனையை மீளச் செய்ய மனம் ஒவ்வாமையை அவரே எழுதினார். மூச்சைப் புறத்திருந்து ஊட்டலாமென்னும் அறிவு இத்தகைய நோவினாலும் வளர்ந்ததன்றோ? அதன் பயனை நுகரும் நாம், நாய்க்கு ஒரு மூச்சை மறுத்தல் நன்றிகோறலேயாம்.

ஆசிரியர்காள்! நீராடித் தூய்மை பெறுதலை மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். மீண்டும் நீராட நேரினும் உயிர்காக்கத் தயங்காமையையும் கற்பிப்போமாக.