பதினோராவது ஆள்

நியூயார்க் மாநகரின் வடகோடியில், பிராங்ஸ் பகுதியில் இருக்கிறது வான் கோர்ட்லாண்ட் பூங்கா. ஒன்றாம் எண் மெட்ரோ ரயில் அதன் ஓரத்தில்தான் போய் முடிகிறது. கோடைக்காலத்துச் சனி, ஞாயிறுகளில் அந்த ரயிலில் கிரிக்கெட் பையும் கையுமாக ஏறுகிறவர்கள் அதிகம். கயானா, ஜமைக்கா, வங்கதேசம், பாகிஸ்தான், இந்தியா என்று எங்கெங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள்.

அமெரிக்காவுக்குக் கிரிக்கெட் புதிது என்று செய்தியாளர்கள் எழுதுவதுண்டு. ஆனால் 1844-லேயே, இதே நகரின் மன்ஹாட்டனில், அமெரிக்காவும் கனடாவும் மோதின. உலகின் முதல் சர்வதேசக் கிரிக்கெட் ஆட்டம் அது. பிறகு பேஸ்பால் அதை ஓரங்கட்டியது. 1965-இல் குடியேற்றச் சட்டம் மாறியபின் வந்து இறங்கியவர்கள் மட்டையையும் கொண்டுவந்தார்கள்.

பெருநகரத்தில் புதிதாக வந்தவருக்கு வேலை எப்படியோ அமைந்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் அமைவதுதான் கஷ்டம். கிரிக்கெட்டுக்கோ பதினோரு பேர் வேண்டும். ஒருவர் வரவில்லையென்றால், எல்லைக்கோட்டருகே வேடிக்கை பார்ப்பவரைக் கூப்பிட்டு ஃபைன் லெக்கில் நிறுத்திவிடுவார்கள். மட்டை பிடிக்கக் கடைசியாகத்தான் முறை வரும். அதுவரை சும்மா உட்கார முடியாது. ஒரு ஓவருக்கு அம்பயராக நிற்க வேண்டும், அடுத்து ஸ்கோர் புத்தகம் கைக்கு வரும். அதில் எழுதுவதற்காகவாவது எல்லார் பெயரையும் கேட்டாக வேண்டுமே! ஆட்டம் முடிந்து சாப்பிடும்போது, எங்கே வாடகை குறைவு, எந்தக் கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சும் தானாக வந்துவிடும். அணிகள் பெரும்பாலும் நாடுவாரியாகவே சேர்கின்றன. அது குறைதான், ஆனால் எதிரணியும் கூட வேண்டுமே, அங்கே வேற்று நாட்டாரோடு கை குலுக்கித்தான் ஆகவேண்டும்.

2024 உலகக் கோப்பை இந்தப் பூங்காவுக்கே வரும் என்று 2023-இல் பேச்சு இருந்தது. 34,000 பேர் அமரும் தற்காலிக அரங்கம் கட்டத் திட்டம், மேயரும் ஆதரித்தார். எதிர்த்தவர்களில் அங்கே வாராவாரம் கிரிக்கெட் ஆடுகிறவர்களும் இருந்தார்கள். கட்டுமானம் நடக்கும் மாதங்களில் தாங்கள் எங்கே போவது என்பது அவர்கள் கேள்வி. போட்டி பக்கத்து நாசோ மாவட்டத்துக்கு இடம் மாறியது. 2024 ஜூனில் 8 ஆட்டங்கள் நடந்தன. 119 ரன் மட்டுமே எடுத்த இந்தியா, பாகிஸ்தானை 6 ரன்னில் வென்றதும் அங்கேதான். பிறகு அரங்கைப் பிரித்து எடுத்துவிட்டார்கள்.

குடியேறியவர்களைக் கௌரவிக்கிறோம் என்றால் அதிகாரிகளுக்குத் திருவிழாதான் நினைவுக்கு வருகிறது. வாராவாரம் ஆட ஒரு மைதானம், குடிக்கத் தண்ணீர், ஒரு கழிப்பறை என்று யோசிப்பவர் குறைவு. நியூயார்க்கின் அரசுப் பள்ளிகள் இதில் கெட்டி: 2008-லேயே கிரிக்கெட்டைப் பள்ளிகளுக்கிடையிலான போட்டி விளையாட்டாகச் சேர்த்துவிட்டன. அமெரிக்காவில் வேறெந்த நகரமும் அதற்குமுன் அப்படிச் செய்ததில்லை.