விலகும் உரிமையும் விசுவாசமும்

தமக்கு உதவிய நிறுவனத்தை, அவ்வுதவியின் பயன் கைக்கு வருமுன்னரே ஒருவர் விட்டு நீங்குதல் நன்றிகேடாகுமா? ஐக்கிய அமெரிக்காவிற் பணிபுரியும் பிறநாட்டார் பலரின் வாழ்வில் இவ்வினா பல்லாண்டு நீடிக்கின்றது. எச்-1பி வீசாவிற் சென்ற பொறியியலாளர் ஒருவருக்கு நிரந்தர வதிவிட உரிமை, அதாவது வழக்கிற் ‘கிறீன் காட்’ எனப்படுவது, பெரும்பாலும் தொழில்தருநர் ஒருவரின் மனுவின் வழியாகவே கிடைக்கின்றது. காத்திருக்கும் காலத்தில் வேறோரிடத்தில் உயர்ந்த பதவியோ மனத்துக்குகந்த ஆய்வோ வாய்க்குமாயின் அவர் செல்லலாமா? சட்டம் ஒரு விடை தருகின்றது. அறம் தரும் விடை அதனின்றும் வேறுபடலாம்.

நடைமுறையை அறியாது இதனை ஆராய்தல் இயலாது. தகுதியும் விருப்பமும் உடைய அமெரிக்கத் தொழிலாளர் எவரும் அவ்வேலைக்குக் கிடைக்கவில்லை என்பதைத் தொழில்தருநர் முதலில் தொழில் திணைக்களத்துக்குக் காட்டிச் சான்றிதழ் பெறவேண்டும். பின்னர் குடிவரவு அதிகாரிகளிடம் மனுச் செய்யவேண்டும். சான்றிதழுக்கு விண்ணப்பித்த திகதியே வரிசையில் ஊழியரின் இடத்தைத் தீர்மானிக்கின்றது. 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழில்வழி வதிவிட உரிமை ஆண்டுக்கு ஏறத்தாழ 140,000 பேருக்கே உரியது. மனைவி மக்களும் இத்தொகையுள் அடங்குவர். ஒரு நாட்டிற் பிறந்தோர் பொதுவாக நூற்றுக்கு 7 வீதத்துக்கு மேற் பெறலாகாது. கணக்கிற் கொள்ளப்படுவது குடியுரிமையன்று, பிறந்த நாடு. ஆகவே ஒரே அலுவலகத்தில் ஒரே வேலையை ஒரே நாளில் தொடங்கிய இரு தமிழருள், யாழ்ப்பாணத்திற் பிறந்தவர் சில ஆண்டுகளில் உரிமை பெற, திருச்சிராப்பள்ளியிற் பிறந்தவர் பத்தாண்டு கடந்தும் காத்திருத்தல் கூடும். (பின்னவர் இலங்கையிற் பிறந்த ஒருவரை மணந்திருப்பின் துணைவரின் பிறப்பிடத்தைக் காட்டலாம். திருமணத்தால் வரிசை குறுகும் விந்தையும் இங்குண்டு.)

நன்றிக்கடனை வற்புறுத்துவோரின் கூற்றிற் பொருளில்லாமலில்லை. வழக்கறிஞர் கட்டணமும் அலுவலர் உழைப்பும் செலவாகின்றன. தொழிற் சான்றிதழுக்கான செலவை ஊழியரிடம் அறவிடலாகாது என்னும் விதியும் 2007 ஆம் ஆண்டு முதல் உண்டு. ஆயினும் செய்ந்நன்றியறிதலில் வள்ளுவர் உயர்த்திப் பேசுவது, வரும் பயனை எண்ணிப் பாராது செய்யப்பட்ட உதவியை. தனக்கு வேண்டிய திறமையைத் தன்னகத்தே இருத்திக்கொள்ளும்பொருட்டு நிறுவனம் செய்யும் செலவு அவ்வகையினதன்று. அது கொடுக்கல் வாங்கல். கொடுக்கல் வாங்கலில் நேர்மை வேண்டப்படும். வாழ்நாட் கடப்பாடு வேண்டப்படுவதில்லை. ஊழியரின் குடும்ப நிலைக்கு இரங்கி மனுச் செய்யும் சிறு கம்பனி உரிமையாளரும் உளர். அவர்க்குரிய நன்றி வேறு.

விருப்பமில்லையேல் அவர் நாடு திரும்பலாமே, திரும்பாமையே சம்மதத்துக்குச் சான்று என்பர் சிலர். 1748 இல் வெளிவந்த கட்டுரையொன்றில் டேவிட் ஹியூம் இத்தகைய வாதத்தை மறுத்தார். உறங்குகையிற் கப்பலில் ஏற்றப்பட்டவன், கடலிற் குதித்து மாளாது அங்கேயே இருக்கின்றான் என்பதால் கப்பற்றலைவனின் ஆட்சிக்கு உடன்பட்டவனாகான் என்பது அவர் காட்டிய உவமை. வீசாவிற் சென்றவர் விழித்தே ஏறினார் எனலாம். இவ்வேறுபாடு உண்மையானதே. ஆனால் அவர் ஏறியபோது கரை அண்மையில் இருந்தது. பிள்ளைகள் அந்நாட்டுப் பள்ளியில் வளர்ந்து, வீட்டுக் கடனும் ஏறிய பத்தாண்டின் பின் அது அண்மையில் இல்லை. தொடக்கத்திற் கொடுத்த சம்மதம் ஆண்டுதோறும் தானே புதுப்பிக்கப்படுவதாகக் கொள்ளுதல் பொருந்தாது.

முற்பணம் பெற்றபின் வேலைசெய்யாது விலகியோரைத் தண்டிக்க உதவிய புளோரிடா மாநிலச் சட்டமொன்றை 1944 இல் அமெரிக்க அதியுயர் நீதிமன்றம் செல்லாதெனக் கண்டது. கொடிய வேலைநிலைமைக்கும் குறைந்த கூலிக்கும் எதிராகத் தொழிலாளிக்குப் பொதுவாக உள்ள காப்பு, தொழில்தருநரை மாற்றும் உரிமையே என்பது நீதியரசர் ஜாக்சன் அத்தீர்ப்பிற் கூறியதன் சாரம். இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களில் 1921 இல் ஒழிக்கப்படும்வரை நிலவிய துண்டு முறையும் இங்கு நினைவுக்கு வருகின்றது. கடன் தீர்க்கப்படின் விடுவிக்கச் சம்மதமெனப் பழைய துரை எழுதிய துண்டே தொழிலாளர் வேறு தோட்டம் செல்வதற்கு வழியாக இருந்தது. பொறியியலாளரின் நிலையை அத்தொழிலாளரின் துயரோடு சமப்படுத்துதல் தகாது. ஒருவரின் இடமாற்றம் மற்றொருவர் கையிலுள்ள தாளில் தங்கியிருத்தல் என்னும் ஒரு கூறே இரண்டுக்கும் பொது.

அக்கூறைத்தான் 2000 ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்தியது. வதிவிட உரிமைக்கான இறுதி விண்ணப்பம் 180 நாள் தீர்க்கப்படாது கிடப்பின், அதே தொழிலுக்கோ அதனையொத்த தொழிலுக்கோ மாறலாம். ஆனால் வரிசை எட்டாதவர் அவ்விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவே இயலாது. அவர் மாறின், புதிய தொழில்தருநர் சான்றிதழையும் மனுவையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பழைய திகதி மட்டும் அவரோடு செல்லும். ஏற்கப்பட்டு 180 நாள் கடந்த மனு, பழைய நிறுவனம் அதனை மீளப்பெறுவதனால் மட்டும் இரத்தாகாது என 2017 இல் நடைமுறைக்கு வந்த விதி கூறுகின்றது. காத்திருந்த காலம் காத்திருந்தவருக்கே சொந்தம் எனச் சட்டம் இதனால் ஒப்புக்கொண்டது. விசுவாசம் என்னும் சொல்லுக்கும் இதன் பின்னரே பொருள் உண்டாகின்றது. விலக முடியாதிருந்தபோது தங்கியவர் விசுவாசத்தாற் தங்கினாரா, வேறு வழியின்றித் தங்கினாரா என்பதை அவரது தொழில்தருநர் மட்டுமன்றி அவர்தாமும் அறிதல் அரிது.

எஞ்சுவது வாக்குறுதி. குறித்த வேலையை ஏற்கும் மெய்யான எண்ணம் தமக்குண்டு என்பதன்பேரிலேயே ஒருவர் இவ்வுரிமையைப் பெறுகின்றார். அட்டை வந்த மறுவாரமே விலகுவதென முன்னரே முடிவுசெய்து, அதனை மறைத்துக் கையொப்பமிடுபவர் பொய்யுரைத்தவராவார். அவர்மீதுள்ள பழி நன்றிகேடன்று, பொய். எண்ணம் மெய்யாயிருந்து பின்னர் மாறியவரின் நிலை அதுவன்று. முன்னறிவித்து, கைமேலுள்ள பணியை ஒழுங்காக ஒப்படைத்துச் செல்லுதலே அவர் செலுத்தவேண்டியது.

மனுவில் எழுதப்படும் ‘நிரந்தர வேலை’ என்னும் தொடரும் மறுபக்கத்தை அதிகம் கட்டுப்படுத்துவதில்லை. தனி உடன்படிக்கை இல்லாதவிடத்து, அமெரிக்க மாநிலங்களுட் பெரும்பாலானவற்றில் ஊழியரை எந்நாளும் நீக்கலாம். 2022 இன் இறுதியிற் பெரிய கணினித்துறை நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை நீக்கியபோது, அவர்களுள் எச்-1பி வீசாவினருக்குச் சட்டம் அளித்த அவகாசம் கூடியது 60 நாள். வணிகத் தேவை என்றே அந்நீக்கங்களுக்குக் காரணம் கூறப்பட்டது. நன்றி, விசுவாசம் என்னும் சொற்கள் அங்கு எழவில்லை. அவ்வவகாசத்துள் வேறொரு நிறுவனம் மனுச் செய்யின், பழைய திகதியோடு அவ்வூழியர் மீண்டும் அதே வரிசையில் நிற்கலாம்.