ஐந்துக்கு ஐந்து

பெரியப்பா குடிநோய் சிகிச்சை முடிந்து வெளியே வந்த அன்று, மையத்தின் கருத்துப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். அவர் சொல்லச் சொல்ல டிக் அடித்தேன். சாப்பாடு, ஆலோசனை, ஊழியர்கள் நடந்துகொண்ட விதம், எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து. காஞ்சிபுரம் திரும்பி, பிள்ளையார்பாளையத்தில் டீ குடிக்கும்போதுதான் சொன்னார்: "மூணுன்னு போட்டா, இவனுக்கு இன்னும் சரியாகலன்னு உள்ளயே வெச்சுக்குவாங்கடா."

நான் ஆப் எழுதிப் பிழைக்கிறவன். ஸ்டார் ரேட்டிங்கைப் பார்க்காத நாளில்லை. எங்கள் ஆப் பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டுப் போய்விடலாம். பெரியப்பா அப்படிப் போக முடியாது. கருத்துக் கேட்டவர்கள் கையில்தான் கதவின் சாவியும் இருந்தது. அந்த நிலையில் வரும் பதில் கருத்தா, பணிவா?

கேட்காமலே விட்டால் என்னவாகும் என்பதும் நமக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும், சேவையில் குறை இருந்தால் புகார் செய்யவும் உரிமை தந்தது. ஆனால் பயம் இருக்கும்வரை அந்த உரிமையை யார் எடுத்துப் பயன்படுத்துவார்?

அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்காட் மில்லரும் பாரி டங்கனும் உருவாக்கிய ஒரு முறை உண்டு. ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் ஒரு தாள் தருவார்கள். அதில் 10 செ.மீ. நீளத்தில் நான்கு கோடுகள். நான் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்களா, எனக்கு வேண்டியதைப் பேசினோமா, இந்த வழி எனக்கு ஒத்துவருகிறதா, மொத்தத்தில் இன்று எப்படி? கோட்டின் மேல் ஒரு குறி போட்டால் போதும். குறி கீழே இறங்கினால் அதைப் பற்றி உடனே பேச வேண்டும். மாற வேண்டியது ஆலோசகரின் அணுகுமுறை.

நெசவாளியான பெரியப்பாவுக்கு இது புதிதல்ல. கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் இணைக்க, பக்கத்தில் ஒரு துணை ஆள் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளுவார். இழை விலகினால் அங்கேயே சொல்லிவிடுவார். சொன்னதற்காக அவரை யாரும் தறியிலிருந்து எழுப்பிவிட மாட்டார்கள். சேலையை அறுத்த பிறகு கண்டுபிடிக்கிற குறை, கூலியைப் பிடிக்கத்தான் உதவும்.

குடிநோயாளி கேட்பதையெல்லாம் செய்துவிட முடியுமா? முடியாது. முதல் வாரம் பெரியப்பா கேட்டது ஒரு குவார்ட்டர். ஆனால் ஒருவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வதும், அவர் கேட்டதைக் கொடுப்பதும் ஒன்றல்ல.

"சரி பெரியப்பா, உண்மையில எவ்ளோ போட்டிருப்பீங்க?" என்றேன்.

"சாப்பாட்டுக்கு நாலு. மாத்திரை எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லல, அதுக்கு ஒண்ணு."

அடுத்து வருகிறவருக்கு உதவக்கூடிய ஒரே பதில் அதுதான். அது டீக்கடையோடு நின்றுபோனது. அன்று எனக்கும் ஐந்து போடுவது வசதியாகத்தான் இருந்தது. சீக்கிரம் பஸ் பிடிக்கலாம் இல்லையா?